என் காலை உடைத்தவர் வண்டியில் கோர்ட்டுக்குப் போனது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மத்திகிரியில் டவுன் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். ரோஜாப்பூப் பெட்டிகள் ஏற்றிய டெம்போ ஒன்று வந்தது. அதற்குக் குறுக்கே ஒரு மாடு வந்தது. டெம்போக்காரர் மாட்டைக் காப்பாற்றிவிட்டார். மாட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என் வலது கணுக்கால் உடைந்தது.

அவர் வேகமாக வந்தார் என்று சொல்ல முடியாது. நிதானமாக வந்தார் என்றும் சொல்ல முடியாது. என்னைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அங்கே என்னை இறக்கும்போது சேலை முழுக்க ரோஜா இதழ். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "கல்யாண வண்டியா?"

கணுக்காலில் தகடும் ஸ்குரூக்களும் வைத்தார்கள். போலீசில் கேஸ் எழுதினார்கள். நான் வேலை பார்த்தது வண்டிகளுக்கான ஒயர் கட்டும் கம்பெனி. லைனில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. "நிக்க முடிஞ்சதும் வாங்கம்மா" என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் நிற்க முடிகிற நாள் வருவதாகத் தெரியவில்லை. பத்து நிமிடம் நின்றால் கால் பூசணிக்காய் ஆகிவிடும்.

டெம்போக்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல் போகிற வழியில் ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். அடுத்த ஞாயிறே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் கொய்யாப்பழம்.

"அக்கா, யோச்னே பண்ணாதீங்க. கவலையே வேணாம். எல்லாம் செரியாயிடும்."

நான் கூச்சக்காரி. வீட்டுக்கு வந்தவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், "காபி சாப்பிடுங்கண்ணா" என்றேன். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணா என்பேன். இரண்டில் ஒன்று தப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அதன்பிறகு ஞாயிறு தவறவில்லை. ஒரு வாரம் ராகி மாவு, ஒரு வாரம் கீரைக்கட்டு, ஒரு வாரம் மார்க்கெட்டில் விலை போகாத ரோஜா. எங்களுடையது நான்கு வீடுகள் ஒட்டிக் கட்டிய வாடகை வரிசை. பக்கத்து வீட்டுக்காரி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். ஞாயிறு சர்ச்சிலிருந்து திரும்புகிற நேரமும் இவர் வருகிற நேரமும் ஒன்றாகிவிட்டது.

"யக்கா, கால ஒடச்சவன் தல தீவாளி மாப்ள கணக்கா வாரான் பாத்தியளா. ஒங்க வீட்டுக்காரரு என்னைக்காவது கொய்யாப்பழம் வாங்கியாந்திருக்காரா?"

என் வீட்டுக்காரர் வார்ப்படப் பட்டறையில் இரவு ஷிப்ட். உள்ளே படுத்திருந்தவர் போர்வைக்குள்ளிருந்தே, "எனக்கு காது கேக்குதும்மா" என்றார்.

டெம்போக்காரரிடம் ஒரு பழக்கம் உண்டு. புறப்படும்போது விரல் விட்டு எண்ணுவார். "ஆச்சுக்கா, ரெண்டு மாசம் போயிடுச்சு. இன்னும் நாலு மாசம். ஆறு மாசம் போயிட்டா ஒண்ணும் பிரச்சனையில்ல." எலும்பு கூடுவதற்கு ஆறு மாதம் என்று டாக்டர் யாரோ சொல்லியிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். என் காலைப் பற்றி என் வீட்டில்கூட இத்தனை அக்கறையாக யாரும் நாள் எண்ணவில்லை. எனக்கு மனசு நெகிழ்ந்துபோகும். இன்னொரு டம்ளர் காபி கொடுப்பேன்.

நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போடலாம் என்று பலரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அவசரப்படவில்லை. "இன்னா அவசரம்? பாரூர்ல எங்க சித்தப்பா பஸ்ல அடிபட்டு நாலு வருசம் கழிச்சுப் போட்டாரு. வாங்கினாரா இல்லியா? அதுக்கெல்லாம் டைமே கெடையாது. கால் செரியாவட்டும், பொறுமையா போடலாம்." எனக்கும் அது வசதியாக இருந்தது. கோர்ட்டில் நின்று பேச வேண்டும் என்பதை நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவது மாதத்தின் முதல் ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரி சர்ச்சிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவர்கள் சபையில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறாராம். ஆராதனை முடிந்து பேச்சுவாக்கில் என் காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாசம் ஆச்சு?"

"யக்கா, ஒங்க சித்தப்பா கதையெல்லாம் பழைய சட்டமாம். இப்ப அடிபட்ட நாள்லருந்து ஆறே மாசமாம். அதுக்குள்ள மனு போடலைன்னா சங்குதானாம். அந்தக் கெடுவ எதுத்து டெல்லி சுப்ரீம் கோர்ட்டுல கேசு நடக்குதாம், ஆனா அத நம்பி சும்மா இருக்கக்கூடாதுன்னு சொல்லுதாரு."

ஆறு மாதம் என்று கேட்டதும் எனக்கு டெம்போக்காரரின் விரல் ஞாபகம் வந்தது. இரண்டு விரல், மூன்று விரல், நான்கு விரல். அவர் எண்ணுவதை அவளும் வாசலில் நின்று பார்த்தவள்தான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலண்டர் வாராவாரம் வீட்டுக்கு வந்துருக்கு, நீங்க காபி குடுத்து அனுப்பிருக்கியளே!"

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வெட்கம்தான் வந்தது. நெகிழ்ந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று.

கேஸ் போட எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும் என்றார் குமாஸ்தா. கைத்தடியோடு ஸ்டேஷனுக்குப் போனேன். யாரைக் கேட்பது என்று தெரியாமல் தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு போலீஸ்காரர், "யாரும்மா, இன்னா வோணும்?" என்றார். "ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அதை நீட்டினேன். "இத நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அதே போலீஸ்காரர். நகல், காயச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சேருவதற்குள் ஒன்றரை மாதம் போயிற்று.

ஞாயிறுகளில் டெம்போக்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். நான் முகத்தைப் பார்க்காமல் காபி கொடுத்தேன். கடைசி ஞாயிறு முலாம்பழம் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று அப்பாவியாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, இன்னும் எத்தன நாளு?"

"வர்ற வெள்ளியோட கரெக்டா ஆறு மாசம்மா." அவர் முகத்தில் பரீட்சை முடியப்போகிற சந்தோஷம்.

"அப்ப புதன்கிழம ஓசூர்ல ஒரு சோலி இருக்கு. அக்காவால பஸ்ல ஏற முடியாது. கொண்டு விடுவியளா?"

"அதுக்கென்ன, நம்ம வண்டி இருக்கே!"

நான் அவளை முறைத்தேன். எனக்கு முறைக்கவும் சரியாக வராது. அவள் கண்டுகொள்ளவில்லை.

புதன்கிழமை முன்சீட்டில் மூன்று பேர். நான் நடுவில். பின்னால் காலிப் பூப்பெட்டிகள் தடதடத்தன. பாதி தூரம் போனதும் அவர் கேட்டார், "எங்கக்கா இறக்கணும்?"

பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள், "கோர்ட்டுக்கு."

"அய்யோ தேவரே, கடவுளே, கோர்ட்டா? யார் மேல கேசு?"

"ஒரு ஆளு அண்ணாச்சி. செய்யறதையும் செஞ்சிட்டு, பழத்தக் குடுத்துக் குடுத்தே நாளக் கடத்திட்டான்."

"தூ! அப்படியும் ஆளுங்க இருக்காங்களா? விடாதீங்கம்மா அவன."

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றப் போன கை அப்படியே நின்றது. வண்டி ஓரம் கட்டியது. என்ஜினை அணைத்துவிட்டார்.

"எம்மேல கேசு போட என் வண்டியிலேயாக்கா?"

பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனி நான்தான் பேச வேண்டும். அவர் இறக்கிவிட்டால் இறங்கி நடக்கக்கூட என்னால் முடியாது. இந்த வாரம் போகாவிட்டால் குமாஸ்தா சொன்னபடி பிறகு போக வேண்டிய அவசியமே இருக்காது. என் வாழ்நாளில் ஒரு வெளி ஆணிடம் தொடர்ந்து நான்கு வாக்கியம் பேசியது அன்றுதான்.

"அண்ணா, என்னால நிக்க முடியல. லைன்ல நிக்கலேன்னா வேலையில்ல. உங்க மேல எனக்குக் கோவமில்ல. ஆனா வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் என் காலப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேப்பேனேக்கா."

"நீங்களும் வர மாட்டீங்க."

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார். பிறகு மெல்ல, "லோன் வண்டிக்கா. கேசு போட்டா வண்டிய புடிச்சிடுவாங்கன்னு பூ மார்க்கெட்ல சொன்னாங்க. ஆறு மாசம் அவங்ககிட்ட நல்லபடியா இரு, அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. அதான்" என்றார். சாவியைத் திருப்பினார். "போலாங்கக்கா. வக்கீலையே கேக்கறேன், வண்டிய புடிப்பாங்களான்னு."

வக்கீல் அறை கோர்ட்டுக்கு எதிரே மாடியில். என் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டதும் அவர்தான். வக்கீல் சின்ன வயதுப் பெண். "இவர் உங்க கூடப் பொறந்தவரா?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் வராது. "இல்லீங்க. இவர் மேலதான் கேஸ்."

வக்கீல் பேனாவை மூடினார். குமாஸ்தா வாசலுக்குப் போய் இருமினார்.

"இன்சூரன்ஸ் இருக்குதாங்க உங்களுக்கு? லைசென்ஸ், பெர்மிட் எல்லாம் அன்னிக்கு உயிரோட இருந்துச்சா?" என்று வக்கீல் அவரைக் கேட்டார்.

அவர் கீழே ஓடி வண்டியிலிருந்து பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். வக்கீல் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கே. பேருக்குத்தான் நீங்க எதிர்மனுதாரர். தீர்ப்பானா இன்சூரன்ஸ் கம்பெனிதான் கட்டும். உங்க வண்டிய யாரும் தொட மாட்டாங்க. நான் அவங்க வக்கீல், நம்பிக்கை இல்லேன்னா நீங்க தனியா ஒரு வக்கீலக் கேட்டுக்குங்க."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நான் ஆறு மாசமா எதுக்கு வந்தேன்?"

"முலாம்பழம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மனுவில் வயது எழுத வேண்டியிருந்தது. என் வயதை நான் சொன்னேன். அவர் வயது லைசென்ஸில் இருந்தது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். அத்தனை மாதம் அக்கா என்று கூப்பிட்டதற்கு அவர் கொஞ்சம்கூட வருத்தப்படவில்லை.

கையெழுத்துக்கு முன் வக்கீல் மனுவைப் படித்துக் காட்டினார். நானும் கேட்டேன், அவரும் கேட்டார். "முதலாம் எதிர்மனுதாரர் தனது வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டார்.

"அதிவேகமா? நான் எப்பங்க அதிவேகமா வந்தேன்? மாடு வந்துச்சு மேடம்! மாட்டப் பத்தி எழுதுங்க!"

"மாட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லீங்களே" என்றார் குமாஸ்தா வாசலிலிருந்து.

வக்கீல் என்னைப் பார்த்தார். "வேகமா வந்தாரா இல்லையா, நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதுதான் மனு."

அவரும் என்னைப் பார்த்தார். நான் ரோட்டோரம் நின்றது, பெட்டிகள் சரிந்தது, மாடு திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது எல்லாம் கண்முன் வந்தன. "மாட்டுக்கு பிரேக் போடற அளவுக்கு மெதுவா வரலண்ணா" என்றேன். அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். குமாஸ்தா மனுக்கட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து கோர்ட்டுக்குள் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, அன்றைய தேதி முத்திரை விழுந்த பக்கத்தை என்னிடம் காட்டினார். கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம்.

வழக்கு இன்னும் நடக்கிறது. எப்போது முடியும் என்று கேட்டால், மனு போடத்தான் கெடு, முடிக்கக் கெடு இல்லை என்கிறார் குமாஸ்தா.

அன்று திரும்பி வந்ததைச் சொல்ல வேண்டும். எங்களை வீட்டில் விடாமல் போக அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா எங்களுக்குச் சமமாகக் கொஞ்ச தூரம் நடந்து வந்தார். பின்னால் டவுன் பஸ் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தது. கால் வீங்கத் தொடங்கியிருந்தது. கொஞ்சம் வேகமாகப் போங்கள் அண்ணா என்று சொல்ல என் வாய்வரை வந்தது. மனுவில் போட்ட கையெழுத்தின் மை காய்ந்திருக்குமா என்று தெரியவில்லை. பேசாமல் உட்கார்ந்து வந்தேன்.