திறக்காத வெளிக்கதவு

பிலிமத்தலாவையில் எங்கள் அடுத்த வீட்டுச் செல்வியின் இளைய மகளுக்குச் சின்னமுத்து என்னும் தட்டம்மை கண்டிருந்தது. அம்மாள் வந்திருக்கும் வீடென்று வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். தடுப்பூசியைவிட, நோய் இயற்கையாக வந்து போவதே உடலுக்கு உறுதி தரும் என்பது என் மகனின் எண்ணம். மருமகள் தடுத்தும் கேளாமல், தன் ஒரு வயதுக் குழந்தையை அந்தப் பிள்ளையோடு விளையாட விடப் புறப்பட்டான். முன்பு அவ்வாறு செய்தவர்களை நான் அறிவேன். ஆகவே மறுத்துரைக்காமல் உடன் சென்றேன்.

செல்வி வெளிக்கதவைத் திறக்கவில்லை.

“பிள்ளைய தூக்கிட்டுத் திரும்பிப் போங்க அண்ணே.”

“என்ன தங்கச்சி, அம்மாள நீயே வச்சுக்கப் போறியா? எங்க வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பேன்” என்று மகன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை.

“மூத்தவன் மாமா வீட்டுல இருக்கான்னு சொன்னது பொய் அண்ணே. இதே நோயில மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில கெடக்கிறான். நானும் உங்கள மாதிரிதான் பேசி, ஊசிய தள்ளிப் போட்டேன்.”

வீதியில் போவோர் திரும்பிப் பார்த்தனர். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மகன் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டான்.

“ஊசி போடுற கிளினிக் என்னைக்கு, தங்கச்சி?”

“நாளைக்கே இருக்கு அண்ணே.”

பின்னர் மூத்தவன் நலமுற்று வீடு திரும்பிவிட்டான். ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி மறைத்த உண்மையை, என் பேத்தியின் பொருட்டு அத்தாய் தானே வெளியிட்டாள். இப்போது பேத்தி அங்கே ஓடி விளையாடுகிறாள். அந்தக் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. அது திறவாதிருந்த அந்தக் காலைப்பொழுதை எண்ணியே நான் அதனை நன்றியோடு நோக்குகிறேன்.