இடது முனை மேலே

செக்கிங் அக்காவுக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடித்த சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் பார்த்துவந்த வேலை. தையலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து லேசாக இழுப்பாள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் சட்டை வந்த வழியே திரும்பிவிடும். தொழிற்சாலையை மூடிய பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. யாராவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு சிரித்தபடி எதிரே வந்தால், அவள் பார்வை முகத்துக்குப் போகாமல் அக்குளுக்குப் போகும். தெருவில் பாதிப் பேர் அவளைக் கண்டதும் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்று அவள் கணவர் சொல்லுவார்.

தொழிற்சாலையில் மிஷின் பழக்கிக் கொடுக்க வந்திருந்த சீனப் பெண் ஒருத்தி, விடுமுறை நாட்களில் விடுதி அறையில் வான்டன் என்கிற கறிக் கொழுக்கட்டை செய்வாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். வேலை போனபின் அதுதான் கைகொடுத்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்காரர் சூப்பில் போடுவதற்காக வாராவாரம் வாங்கிக்கொண்டார். அந்த ஆர்டர் இருந்ததால்தான் அவளை யாரும் வீட்டில் சும்மா இருப்பவள் என்று சொல்லவில்லை. அது கைவிட்டுப் போனால் தான் யார் என்று நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது.

மைதாவில் முட்டையும் உப்பும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி ஊறவைப்பாள். மெல்லிசாகத் தேய்த்துச் சதுரமாக வெட்டுவாள். கொத்திய கோழிக்கறியில் இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், கொஞ்சம் எள்ளெண்ணெய். அதில் சிறு உருண்டை எடுத்து நடுவில் வைத்து, ஓரத்தில் தண்ணீர் தொட்டு, முக்கோணமாக மடித்து, இரண்டு முனைகளையும் இழுத்துவந்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவாள். வலது முனைதான் எப்போதும் மேலே. சமீபத்தில் கணவர், கைப்பிடியைச் சுற்றி மாவு தேய்க்கும் மிஷின் ஒன்று வாங்கித் தந்திருந்தார். மாவுத் தாள் இப்போது, அடியில் விரலை வைத்தால் ரேகை தெரிகிற அளவுக்கு வந்தது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், குளித்துவிட்டு வந்து ஃப்ரீசரில் வைக்கத் தட்டை எடுத்தவள் அப்படியே நின்றாள். மூன்றாவது வரிசையில் ஒரு வான்டனில் இடது முனை மேலே இருந்தது. அடுத்த வரிசையில் இன்னும் இரண்டு.

அந்த வீட்டில் இடது கைப் பழக்கம் ஒருத்திக்குத்தான். நாத்தனார், புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அதிர்ந்து பேசியதில்லை. அதுவே அக்காவுக்கு உறுத்தல். அதிர்ந்து பேசாதவர்கள் மனதுக்குள் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கணவரிடம் தட்டைக் காட்டினாள். "ஏங்க, இதைப் பாருங்க."

"பார்த்தேன். வான்டன்."

"உங்க தங்கச்சி மடிச்சது."

"நல்லாத்தானே இருக்கு? உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு செஞ்சிருப்பா."

"உதவி பண்றவ சொல்லிட்டுப் பண்ணுவா. நான் குளிக்கப் போற நேரம் பார்த்து எதுக்குப் பண்றா? தொழில் கத்துக்கிறா."

"உனக்குச் சோத்துல கல்லு இல்லேன்னாலும் சந்தேகம். ஏன் இல்லேன்னு."

சிரித்துவிட்டு அவர் கடைக்குப் போய்விட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து நாத்தனாரின் ஒவ்வொரு அசைவையும் சட்டையில் பட்டன் காஜா எண்ணுவதுபோல் பார்த்தாள். எள்ளெண்ணெய் எந்தக் கடையில் வாங்குவது என்று நாத்தனார் கேட்டாள். எதற்குக் கேட்கிறாள்? சார்ஜில் கிடந்த அக்காவின் போனை எடுத்து யாரிடமோ "சரிங்க, நான் பார்த்துக்கறேங்க" என்றாள். கேட்டதற்கு, "பேக்கரிக்காரர்தான் அண்ணி, சும்மா" என்றாள். பேக்கரிக்காரர் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. அவர் சிரிப்பதற்கே பில் போடுகிறவர்.

அடுத்த சனிக்கிழமை அக்கா எல்லாவற்றையும் மடித்து முடித்துத் தட்டுகளைத் துணியால் மூடினாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருக்க, சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

நாத்தனார் தட்டின் மேல் குனிந்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். சிலதைப் பிரித்து, தண்ணீர் தொட்டு, இடது கையால் மறுபடி மடித்து வைத்தாள்.

"யாருக்கு இந்த ட்ரெயினிங்?"

நாத்தனாரின் கையிலிருந்த வான்டன் மேசையில் விழுந்தது. "அண்ணி, நீங்க குளிக்கலையா?"

"அது அப்புறம். பேக்கரிக்காரர் உங்கிட்ட என்ன பேசினார்?"

அவள் கையைத் துணியில் துடைத்தாள். "வான்டன் தண்ணியில வாயைத் திறந்துடுதாம். கறி தனியா, தாள் தனியா மிதக்குதாம். ரெண்டு மூணு வாரமா இப்படின்னார். போன சனிக்கிழமைக்கு முன்னாடியே ஒருதரம் கூப்பிட்டிருந்தார். உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"உங்ககிட்டயா?" என்றாள் நாத்தனார். அக்கா தட்டிலிருந்து ஒரு வான்டனை எடுத்துக் காட்டினாள்.

"என் மடிப்பு பிரியாது. ஒவ்வொண்ணையும் செக் பண்ணித்தான் வைக்கிறேன்."

"அதான் அண்ணி. மடிச்சு முடிச்சதும் ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு இழு இழுக்கறீங்க. நீங்க கவனிக்கிறதில்ல. முன்னாடி தாள் தடியா இருந்துச்சு, தாங்குச்சு. இந்த மிஷின் தாள் தாங்கல. ஓரத்துல மயிரிழை மாதிரி விட்டுடுது. அப்படி விட்டதை மட்டும் நான் மறுபடி ஒட்டினேன்."

அக்கா நம்பவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தாள். தன்னுடையது நான்கு, நாத்தனார் ஒட்டியது நான்கு எடுத்துப் போட்டாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாத்திரத்தையே பார்த்தார்கள். கொதி வந்து எட்டும் மேலே மிதந்தன. அதில் மூன்று வாயைப் பிளந்தன. மூன்றிலும் வலது முனை மேலே.

அக்கா கரண்டியால் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "வேற என்ன சொன்னார்?"

நாத்தனார் தயங்கினாள். "நீங்களே தனியா செஞ்சு தர்றீங்களான்னு என்கிட்ட கேட்டார்."

"ஓ. நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"யோசிச்சியா?"

"யோசிச்சேன், அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு வேலை வேணும். எத்தனை நாளைக்கு அண்ணன் சாப்பாடு?"

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால், தன் சந்தேகம் பாதி சரி என்பதில் ஒரு சின்ன நிம்மதிதான் வந்தது. இத்தனை நாளில் நாத்தனார் தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்முறை.

போனை எடுத்துப் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டாள். "நான்தான் பேசறேன். பிரிஞ்சது என் தப்பு. சரி பண்ணியாச்சு... இல்ல, அவகிட்ட தனியா ஆர்டர் கொடுக்க வேணாம். ஆர்டர் எங்க ரெண்டு பேருக்கும். யாரு மடிக்கிறா, யாரு கறி கொத்துறான்றது எங்க பாடு. இனிமே குறைன்னா என்கிட்டயே சொல்லுங்க. நான் ஒண்ணும் கடிச்சுட மாட்டேன்."

குளியலறையில் வாளி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. நாத்தனார் ஓடிப்போய் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துத் தட்டுகளுக்கு முன்னால் போட்டாள். தான் கறிப் பாத்திரத்தின் பக்கம், தட்டுகள் கைக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"உட்காரு. பிரிஞ்சது எல்லாத்தையும் நீயே ஒட்டு," என்றாள். நாத்தனார் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியதும், "நகத்துல மாவு. கழுவிட்டு வா," என்றாள்.