பெயர் எழுதாத இரண்டு புட்டிகள்

ஐந்து மாதம் என் நண்பனின் நோய்க்கு நான் மருந்து சாப்பிட்டேன். அந்த ஐந்து மாதமும் நோய்க்கு உரியவன் மருந்தில்லாமல் திரிந்தான். இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சைக்கிள் கைப்பிடியின் இரண்டு பக்கமும் பை தொங்குவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வாய் உலர்ந்துபோகிறது.

நான் திண்டுக்கல்லில் தபால் ஆபீஸ் குமாஸ்தா. பேர் பார்த்து, தெரு பார்த்துக் கடிதங்களைப் பிரித்துப் போடுவது என் வேலை. அவன் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் தரம் பார்க்கிறவன். வந்து இறங்கும் தோலை விரலால் தடவியே எது எந்தக் கட்டுக்குப் போகும் என்று சொல்லிவிடுவான். ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. எனக்குக் கல்யாணமான புதிதில் என் மனைவி அவனை 'அண்ணே' என்று கூப்பிட்டாள். அன்றிலிருந்து அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்பிள்ளை.

நாற்பத்தேழு வயதில் எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்ந்தே தேய்ந்துகொண்டு வந்தது. என் சைக்கிளில் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். அவன் மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூல் போட்டுக் கட்டியிருந்தான். செருப்போ குதிகால் பக்கம் காகிதமாகியிருந்தது.

"ஊருக்கெல்லாம் தோல் பாத்துக் குடுக்கிற. உன் கால்ல கெடக்கிறதப் பாரு மச்சான்" என்பேன்.

"நானும் அதுவும் ஒண்ணாத் தேயுறோம் மாப்ள. நடுவுல அத மட்டும் மாத்துனா கோவிச்சுக்கும்."

அந்த வருடம் தை மாதத்தில், எங்களோடு படித்த ஒருவன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோதே விழுந்தான். எழுந்திருக்கவில்லை. ரொம்ப நாளாகச் சர்க்கரை வியாதி இருந்திருக்கிறது, அவனுக்கே தெரியாது என்றார்கள். சின்னச் சின்னப் பிள்ளைகள். எனக்கும் மூன்று பேர். மூத்த பெண் எஸ்.எஸ்.எல்.சி. எழுத இருந்தாள், பின்னால் அரை டவுசர் போட்ட இரண்டு பையன்கள். துஷ்டி வீட்டிலிருந்து திரும்பும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் என் பிள்ளைகளின் முகமாகத் தெரிந்தது. நாமும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிக்கொள்வோம் என்று நண்பனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை.

"நீங்க கூட்டிட்டுப் போங்கண்ணே. தானா இவரு போக மாட்டாரு. இப்பல்லாம் குடம் குடமாத் தண்ணி குடிக்கிறாரு" என்றாள்.

"உப்பு மூட்டைக்கும் தோலுக்கும் நடுவுல நாள் பூரா நிக்கிறவன் வேற என்னத்தக் குடிப்பான்?" என்றான் அவன்.

டாக்டர் இருவரையும் பார்த்துவிட்டு, காலை முதல் சிறுநீரைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் இருந்த பரிசோதனை நிலையத்தில் கொடுக்கச் சொன்னார். கம்பவுண்டர் அச்சடித்ததுபோல் ஒரே மாதிரி இரண்டு புட்டிகளைக் கொடுத்து, "மறக்காமப் பேர் எழுதிருங்க" என்றார்.

மறுநாள் காலை அவன் தன் புட்டியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். நான் பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. என் பேர் பழனி மலையில் இருக்கிற சாமியின் பேர். அவன் பேர் ஒரு நபியின் பேர்.

"ஏலே, மூத்திரப் புட்டியிலயா எழுதப் போற?" என்றான். "பேர் எழுதுன காகிதத்தக் கால்ல மிதிச்சாலே என்னப் பெத்த அத்தா தோல உரிச்சிருவாரு."

"எனக்கும் மனசு வரல. மொத எழுத்து மட்டும் போட்டுருவமா?"

"மொத எழுத்து மட்டும் யாரு பேரோடது?"

கடைசியில் அவன்தான் வழி சொன்னான். ஆளுக்கொரு மஞ்சள் பை. சைக்கிளின் வலது கைப்பிடியில் என்னுடையது, இடது கைப்பிடியில் அவனுடையது. "வண்டிக்காரனுக்கு வலது. போதுமா?" என்றான். அவனும் கூட வருவதாகத்தான் இருந்தது. மண்டிக்கு லோடு வந்துவிட்டதென்று ஆள் வந்து கூப்பிட்டதால் பையை மாட்டிவிட்டுப் போய்விட்டான். நான் ஏறாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஸ்டாண்டு போட்டேன். அந்த நேரம் நிலக்கோட்டையிலிருந்து மல்லிகை ஏற்றி வந்த வேன் ஒன்று பின்னால் வந்தது. "சைக்கிள எடுங்க, சைக்கிள எடுங்க!" என்று கூடைக்காரர்கள் கத்தினார்கள். முன் சக்கரத்தின் பக்கம் ஓடி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, வண்டியை என்னை நோக்கி இழுத்தேன். புட்டிகள் உடையவில்லை. நின்ற இடத்திலிருந்தே கைக்கு ஒரு பையாகக் கழற்றிக்கொண்டு மாடி ஏறினேன்.

"எது யாருது?" என்றார் பரிசோதிக்கிறவர்.

"வலது கையில இருக்கிறது என்னுது" என்றேன்.

நீல மருந்தில் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அவனுடையது நீலமாகவே இருந்தது. என்னுடையது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. "நெறைய இருக்கு சார்" என்றார். இறங்கும்போது படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன், எண்ணாவிட்டால் விழுந்திருப்பேன்.

நேராக மண்டிக்குப் போய்ச் சொன்னேன். உப்புக் கையோடு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு, "இம்புட்டுத்தானா? மாத்திரை இருக்கு, பத்தியம் இருக்கு. மீறி ஏதாச்சும்னா நான் இருக்கேன்ல. புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்றான்.

இப்போது நினைத்தால் என்னால் தாங்க முடியாத பேச்சு அது.

கேழ்வரகும் கீரையுமாக என் பத்தியம் தொடங்கியது. அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலம். என் பங்குச் சோறு மிச்சமானதில் வீட்டுக்கு லாபம்தான் என்று அவன் கேலி செய்வான். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கெல்லாம் எனக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், கடிதத்தின் விலாசம் இரண்டாகத் தெரியும். நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அடுத்த பரிசோதனையில் நீலம் நீலமாகவே நின்றது. "சொன்னபடி கேக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்று பாராட்டினார். நானும் பெருமையாக வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

காலைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். இந்த நோயில் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது, புண் ஆறாது என்றார். தினமும் காலையில் தீக்குச்சியால் உள்ளங்காலைக் குத்திப் பார்ப்பேன். வலிக்கும். வலிக்கிறதே என்று நிம்மதியாவேன். அந்த நோயின் அடையாளம் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.

சாயங்காலம் வழக்கமான டீக்கடை. எனக்குச் சீனியில்லாத டீ. அவன் கடைக்காரரிடம், "இவரு சீனியையும் சேத்து என் கிளாஸ்ல போடுங்கண்ணே. எதுக்கு வீணாக்குறீக?" என்பான். என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தான். ஐந்து மாதம், தினம் தினம், என் சீனியையும் அவன்தான் குடித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவு பயத்தில் இன்னொன்றும் செய்யப் பார்த்தேன். பெண்ணின் படிப்பை அதோடு நிறுத்திவிட்டு, நெய்க்காரப்பட்டியில் சொந்தத்தில் ஒரு பையனுக்குக் கட்டிவைத்துவிடலாம் என்று பேச்செடுத்தேன். அவள் சாப்பிடாமல் கிடந்தாள். என் நண்பன் வந்து என்னைத்தான் பிடித்துக்கொண்டான்.

"நீ போயிருவேன்னு நெனச்சுக்கிட்டுப் புள்ளயத் தள்ளிவிடப் பாக்கிறியா? டீச்சர் ட்ரெயினிங்ல சேத்து விடு. அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் உனக்கு நான் காவல்."

சேர்த்துவிட்டேன். அவன் கண்ணாடியின் அடுத்த காலுக்கும் நூல் வந்திருந்தது. பார்வை மங்குகிறது, வேறு கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். சட்டை தொளதொளத்துப்போயிருந்தது. எனக்காகக் கவலைப்பட்டு இளைத்துவிட்டான் என்று நினைத்தேன். நோயின் அடையாளங்களை எல்லாம் என் உடம்பில் மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாயங்கால அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் போனான். நான் வெளியே சைக்கிளோடு நின்றேன். செருப்புகளின் வரிசையில் அவனுடையது தனியாகத் தெரிந்தது. அவ்வளவு தேய்ந்தது வேறு யாரிடமும் இல்லை. வலது செருப்பில், கட்டை விரல் படும் இடத்தில் ஓர் ஆணி மேலே துருத்திக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித் தோல் ஈரமாக, கறுப்பாக இருந்தது. குனிந்து தொட்டேன். விரலில் ரத்தம்.

அவன் வெளியே வந்தான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான். பேசிக்கொண்டே அந்தச் செருப்பில் காலை நுழைத்து, முழுப் பாரத்தையும் ஊன்றி நின்றான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"மச்சான், காலைக் காட்டு."

"நடு ரோட்டுலயா? என்னலே ஆச்சு உனக்கு?"

"காட்டுங்கிறேன்ல!"

என் குரலைக் கேட்டு அவன் பயந்துவிட்டான். என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். விரலுக்கடியில் பட்டாணி அளவு குழி. ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். "எது?" என்றான். தொழுகைக்கு முன் ஒவ்வொரு முறையும் காலைக் கழுவுகிறவன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுவினால் உள்ளங்கால் எப்படித் தெரியும்? தோலைத் தடவித் தரம் சொன்ன விரல்களும் மழுங்கியிருந்தன, காலிலும் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை அவன் புட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். நீலம் கண் மூடித் திறப்பதற்குள் செங்கல்லாகிவிட்டது. படியிறங்கி வந்தேன். கீழே என் சைக்கிள், முன் சக்கரம் என்னைப் பார்த்தபடி நின்றது. அதன் எதிரில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். என் வலது கை வண்டியின் இடது கைப்பிடியைத் தொட்டது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மல்லிகைக் கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கணுக்காலோடு எடுக்க வேண்டி வரலாம், ஊசி மருந்து பிடிக்கிறதா பார்ப்போம் என்றார்கள். தோல் மண்டியில் நாள் முழுதும் நின்று பார்க்கிற வேலை. கால் போனால் வேலை போகும். அவனுக்கும் கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள். மூன்று நாள் வாய் வரவில்லை. நான்காம் நாள், அவன் மனைவியும் இருக்கும்போதே, சைக்கிள், வேன், வலது, இடது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மாசமா நீ போட்டது என் மாத்திரையா?"

"ஆமா."

"அந்த வேர்வை, நடுக்கமெல்லாம்?"

"உன் மாத்திரை செஞ்ச வேலை."

"ரெண்டு பேரு சீனியையும் வேற நான் குடிச்சேன்" என்றான். சிரிக்கத் தொடங்கி, பாதியில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள் சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மனைவி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"கோவம் போகலண்ணே" என்றாள். "ஆனா அன்னைக்கு அந்தச் செருப்ப நீங்க குனிஞ்சு பாத்தீங்க. வேற யாரு பாத்திருப்பா? குடிங்க."

எடுத்துக் குடித்தேன். அந்த நோயை எனக்குள் வைத்து ஐந்து மாதம் பயந்தவன் நான். அந்தப் பயம் இல்லாவிட்டால் அந்த ஆணி எனக்கு வெறும் ஆணியாகத்தான் தெரிந்திருக்கும். இதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளவும் மனசு கூசுகிறது.

மருந்து பிடித்தது. கட்டை விரலை எடுத்ததோடு நின்றது. ஏழு வாரத்தில் ஊருக்கு வந்தான். சற்றுச் சாய்ந்து நடக்கிறான். மண்டியில் அவனுக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். செருப்புக்குத் தானே தோல் எடுத்து, ஆணியே இல்லாமல் தையல் போடச் சொல்லி வாங்கினான். "புதுசு கடிக்குது மாப்ள" என்று முதல் நாள் குறைப்பட்டுக்கொண்டான். கடிப்பது தெரிகிறதா என்று அவசரமாகக் கேட்டேன். குதிகாலில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றான். அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொல்லி நான் மட்டும் குடித்தேன்.

போன வாரம் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தது. என் மனசு ஆறுவதற்காக நானும் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன். வாசலில் மறுபடியும் இரண்டு புட்டிகள், திறந்த பேனா.

"இப்பவாச்சும் எழுதித் தொலைவோம்" என்றேன்.

"அதெல்லாம் கூடாது. சாமி பேரு சாமி பேருதான்" என்றான். கொஞ்சம் யோசித்தான். "உன் புட்டியில மாப்ளன்னு எழுது. என்னுதுல மச்சான்னு எழுது. இது எந்தச் சாமிக்கும் பேரில்ல."

எழுதி ஒட்டினேன். சைக்கிளை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவரவர் புட்டியை அவரவர் கையில் பிடித்துக்கொண்டு, அவன் நடைக்கு மெதுவாக நடந்து போனோம்.

மாடியில் பரிசோதிக்கிறவர் காகிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல மச்சான் யாருங்க?"

"நாந்தேன்" என்று அவன் கையைத் தூக்கினான்.

குழாய் விளக்கில் சூடானது. நீலம் கலங்கிப் பச்சையானது. அடுத்து மஞ்சள் வரும் என்று காத்திருந்தேன். அவர் குழாயை ஆட்டினார், மறுபடி காட்டினார், ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். பச்சையாகவே இருந்தது.

"பரவால்லையே. இப்படியே இருங்க" என்றார்.

அவன் நூல் கட்டாத புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்தான். "ஆத்தூர்ப் பக்கம் நாத்துவிட்ட வயலு மாதிரி இருக்கு, பாத்தியா மாப்ள" என்றான்.

பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.