சாம்பிராணிப் புகையும் பதுக்கிய பெட்ரோலும்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். பெட்ரோலுக்குக் கொடுக்கும் மானியத்தை அரசாங்கம் எடுத்துவிடப் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. யாரும் அதை உறுதிப்படுத்தவுமில்லை, மறுக்கவுமில்லை. பெட்ரோல் நிலையத்தில் மோட்டார் சைக்கிள்கள் சாலை வரைக்கும் வரிசை பிடித்து நின்றன. சுங்கை வே தொழிற்சாலைக்குத் தினமும் மோட்டாரில் போய்வந்த என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதே பிடித்து வைக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தார். வாயோடு சரி, செய்ய மாட்டார் என்று இருந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, பின்னறையில் சேலைத் தொட்டிலில் போட்டேன். அறையில் லேசாக ஒரு வாடை. அவருடைய வேலை உடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். ஈரத் தலைக்குச் சாம்பிராணி காட்டாவிட்டால் எங்கள் வீட்டில் மனசு ஆறாது. தூபக்காலில் தணலை அள்ளிப் போட்டு, சாமிக்குக் காட்டிவிட்டு, வீடு முழுக்கப் புகை போட்டபடி பின்னறை வாசலுக்கு வந்தேன்.

பின்பக்கம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார். உள்ளே போகாதே என்று மலாயில் அலறினார். கையில் தணலோடு அப்படியே நின்றேன். முந்தின நாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் கணவரும் என் வீட்டுக்காரரும் டின் டின்னாகப் பெட்ரோல் பிடித்து வந்து, எங்கள் பங்கைத் தொட்டிலுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள். ஊருக்கே தெரிந்தாலும் எனக்குத் தெரியக்கூடாதாம்.

தணலைக் குழாயடியில் கொட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவர் போய்ச் சாக்கை விலக்கிப் பார்த்தார். ஒரு டின் கசிந்து தரை ஈரமாகக் கிடந்ததாம். குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுது தீர்த்தேன்.

வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், விலை ஏறிவிட்டால் என்ன செய்வது என்று இழுத்தார்.

"ஏறுனா ஏறட்டும், பஸ்ல போங்க," என்றேன். "எம்புள்ள போயிருந்தா எந்த பஸ்ல போயி கூட்டிட்டு வருவீங்க?"

டின்களை எடுத்துக்கொண்டு போனவர், பிறகு ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

மானியத்தை எடுப்பது நல்லது என்று நான் சொல்லமாட்டேன். பெட்ரோல் ஏறினால் காப்பாரிலிருந்து வரும் மீனும் ஏறும், பாசாரில் கீரையும் ஏறும். எங்களைப் போன்றவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் எடுப்பதென்றால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு எடுக்கட்டும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பயந்த மனிதன் என்னதான் செய்யமாட்டான்?

அன்று நினைத்ததுபோல் உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை. விலை ஏறியபோது ஏறியது. அக்காவின் கணவரும் இவரும் ஒரே மோட்டாரில் வேலைக்குப் போய்ச் சமாளித்தார்கள். இப்போது மகள் லைசென்ஸ் எடுத்துக் கார் ஓட்டுகிறாள். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டுவிட்டு வரும்போதும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே படியேறுகிறாள். திட்டட்டும், திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே என்று அப்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிடுகிறது.