காசிமேட்டிலிருந்து மாரா ஆற்றுக்கு: கென்யாவை ஏன் தேர்ந்தெடுத்தோம்

போன ஆகஸ்டில் நானும் வசந்தா அக்காவும், பெண்கள் இரண்டே பேராக, கென்யா போய்வந்தோம். அக்கா காசிமேட்டில் மீன் விற்கிறாள். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கு பார்க்கிறேன். அக்கா வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து மத்தியானமெல்லாம் அவள் டிவியில் மிருகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் கென்யாவைக் காட்டியபோது, "இது எங்க கீது? போலாமா?" என்றாள்.

அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் வீட்டுக்கே வந்து கத்தினார். "புருசன் போயி ரெண்டு வருசம் ஆவல, டூர் கேக்குதா? கோயிலுக்குப் போ."

"கோயிலுக்குப் போனா அவரு வந்துருவாரா மாமா?" என்றாள் அக்கா. அதோடு அவர் எங்களோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

டிராவல்ஸ்காரரும் தடுத்தார். நைரோபி திருட்டு ஊராம், சிங்கப்பூர் போகலாமாம். காசிமேட்டைப் பற்றியும் வெளியே இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிவிட்டது. கென்யாதான் என்று அங்கேயே முடிவானது.

மும்பை வழியாக நைரோபி. அங்கிருந்து மசாய் மாரா சுமார் 270 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். கடைசிப் பகுதியில் சாலை இடுப்பை ஒடித்துவிடும். செலவைக் குறைக்க, பெங்களூருத் தம்பதியோடு ஜீப்பைப் பகிர்ந்துகொண்டோம்.

இரண்டாம் நாள் மாரா ஆற்றங்கரையில் காத்திருந்தோம். எதிர்க்கரையில் வில்டபீஸ்ட் எனும் காட்டுமாடுகள் கூட்டமாக நின்றன. தண்ணீருக்கு வரும், மிரண்டு திரும்பும். பெங்களூர்க்காரர் சலித்துப்போய், சாப்பிடப் போகலாம் என்று ஓட்டுநர் பீட்டரிடம் சொன்னார்.

"நான் வரமாட்டேன். இதப் பாக்கத்தான் இம்மாந்தூரம் வந்துகீறேன்" என்றாள் அக்கா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பெங்களூர்க்காரர் குரலை உயர்த்தினார். அக்கா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவே இல்லை. பீட்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இன்னும் அரைமணி நேரம் என்றார்.

அந்த அரைமணிக்குள் ஒன்று குதித்தது. பிறகு நூற்றுக்கணக்கில். ஆறே கலங்கிப்போனது. எங்கள் பக்கக் கரையில் ஒரு கன்று ஏற முடியாமல் சேற்றில் சறுக்கிச் சறுக்கி விழுந்தது.

"ஏறு! ஏறுடா கண்ணு!" அக்கா கத்தினாள். பீட்டர் உதட்டில் விரல் வைத்தார். கன்று மறுபடி சறுக்கியது. இந்தமுறை பீட்டரும் ஸ்வாஹிலியில் ஏதோ கத்தினார், பெங்களூர்க்காரரும் கத்தினார். கன்று மேலே வந்து கூட்டத்தோடு ஓடியது. அக்கா பொத்தென்று உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

போகிறவர்களுக்கு: ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில் போங்கள். அப்போதும் உத்தரவாதம் கிடையாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள், திரும்பும்போது நம் விமான நிலையத்தில் சான்று கேட்பார்கள். காலையில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் வேண்டும். நால்வர் சேர்ந்தால் தனி ஜீப்பே நல்லது, சாப்பாட்டுச் சண்டை இருக்காது. சிங்கம் கூண்டில் இல்லை, நாம்தான் ஜீப்புக்குள் அடைந்திருப்போம். கென்யாவுக்குப் போக எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

வீட்டுக்கு வந்து கத்திய அந்த மாமா இன்னும் எங்களோடு பேசுவதில்லை. போன வாரம் மீன் வாங்க வந்த ஒரு அம்மா, "ஆம்பளத் துணை இல்லாம அவ்ளோ தூரம், பயமா இல்லியா?" என்று கேட்டார்.

"பயமாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா, செதிலைச் சீவிக்கொண்டே. "போயிட்டு வந்தேன்."