மாப்பிள்ளைக்காக ஊதியவன்

அணியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பாட்டில் என்றுதான் கூப்பிட்டார்கள். சைக்கிள் பந்தயத்தில் அவன் வேலை அதுதான். கூட்டத்திலிருந்து பின்வாங்கி, பின்னால் வரும் அணியின் காருக்குப் போய், தண்ணீர் பாட்டில்களைச் சட்டை முதுகுக்குள் திணித்துக்கொண்டு, மறுபடி மூச்சு முட்ட மிதித்து முன்னே போய்த் தலைவனிடம் கொடுக்க வேண்டும். தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் முன்னால் போய் மார்பைக் காட்ட வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு தோற்பது என்றும் இந்த வேலையைச் சொல்லலாம்.

தலைவனுக்குப் பட்டப்பெயர் மாப்பிள்ளை. சாப்பிட உட்கார்ந்தால் உப்பைக்கூட யாராவது நகர்த்தி வைக்க வேண்டும். முகத்தில் வெயில் பட்டால் யாராவது எழுந்து திரையை இழுத்துவிட வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவனுக்கு இரண்டும் வருஷம் முழுக்க நடந்தது.

அணியின் மெக்கானிக், பாட்டிலின் மனைவிக்கு அண்ணன். முறைப்படி அவன்தான் பாட்டிலை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறிடம் போய்விட்டதால், சொந்த மச்சானும் பாட்டில் என்றே கூப்பிட்டான்.

பாட்டிலுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. வாயில் வைத்து அழுத்தும் பம்ப்பை அளவோடு பயன்படுத்தப் பந்தய விதி அனுமதிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ என்றால் மருத்துவக் குழுவிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். நியாயமான விதிதான். நோயாளிக்கு அது மருந்து. நோயில்லாதவனுக்கு உடம்பு இளைக்கும், வலி மரத்துப்போகும், மலைப்பாதை சமவெளி மாதிரித் தெரியும். நோயாளியையும் திருடனையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்த அனுமதி. எங்கே வேலி போட்டாலும் அதில் ஓட்டை போடத் தெரிந்த ஆள் ஒருவன் இருப்பான். இந்த அணியில் அவருக்கு டாக்டர் என்று பெயர்.

ஒரு வருஷம் பயிற்சி முகாமில் டாக்டர் பாட்டிலைத் தன் ஹோட்டல் அறைக்குக் கூப்பிட்டார். ஜன்னல்கள் மூடியிருந்தன. மேஜைமேல் மூச்சைச் சோதிக்கும் மெஷின். கட்டிலில் மாப்பிள்ளை மல்லாந்து படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவ ஊது பாட்டில்."

"எதுக்கு டாக்டர்? எனக்குப் பம்ப்பே போதுமே."

"உனக்கில்ல. இவருக்கு. இவர் ஊதினா துருத்தி மாதிரி ஊதறாரு. அத அனுப்பினா யாரு அனுமதி தருவா?"

பாட்டில் கட்டிலைப் பார்த்தான். மாப்பிள்ளை போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி மெஷினைக் காட்டினான். அந்தக் கையைப் பாட்டிலுக்கு நன்றாகத் தெரியும். முகம் திரும்பாது, கை மட்டும் பின்னால் நீளும். தண்ணீரோ சக்கரமோ மழைச் சட்டையோ, கேட்டது அந்தக் கையில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கை நீண்டதும் இவன் உடம்பு தானாக எழுந்துவிடும்.

எழுந்தது. யாரும் மிரட்டவில்லை, யாரும் காசு காட்டவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஆஸ்துமா உள்ளவனுக்கு மட்டும் மூச்சுக்குழாயை இறுக்கும் சோதனைப் பொடியை டாக்டர் கொடுக்க, உள்ளே இழுத்தான். நெஞ்சு இறுகியது. கண்ணில் நீர் வர இருமிவிட்டு ஊதினான். மெஷின் திரையில் கோடு சரிந்தது.

"பிரமாதம்" என்றார் டாக்டர்.

"முடிஞ்சுதா?" என்றான் மாப்பிள்ளை. "போறப்ப அந்த ஜன்னலத் திறந்து விட்டுட்டுப் போ."

மாப்பிள்ளை பெயரில் ஸ்டீராய்டு அனுமதி வந்தது. மாப்பிள்ளை மலையேறிக் கோப்பையைத் தூக்கினான். நோயை வென்ற வீரன் என்று பத்திரிகைகள் உருகின. நோய் யாருடையது என்று ஒரு பயலும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் பாட்டிலுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. பம்ப் போதவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீசனை முடித்தால்தான் அடுத்த ஒப்பந்தம். டாக்டரிடம் போய் நின்றான்.

"அனுமதிக்கு அனுப்பிட்டேன், வந்தாச்சு. நீ மாத்திரைய ஆரம்பி" என்றார் டாக்டர்.

நம்பி விழுங்கினான். அடுத்த பந்தயத்தில் சிறுநீர் சோதனைக்கு அவனைத்தான் எடுத்தார்கள். மாத்திரை அதில் தெரிந்தது. அனுமதி எங்கே என்றார்கள். டாக்டரைக் கேட்டார்கள். "எங்கிட்ட அவன் எதுவும் கேக்கவே இல்லையே" என்றார் அந்த மகானுபாவர். நோயாளியான பாட்டில் ஊருக்கெல்லாம் ஊக்கமருந்துத் திருடன் ஆனான்.

மச்சானைத் தேடிப் பட்டறைக்குப் போனான். மெக்கானிக் சக்கரத்தைச் சுழற்றிக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் ஏன் மச்சான் அனுப்பல?"

"எப்படி அனுப்புவாரு? ஒரே டீம், ஒரே டாக்டர், ஒரே நோய். உன்னுது போனா மாப்பிள்ளையோடதையும் தோண்டுவாங்க."

"அவனோடதா? அது என்னோடது!"

"கத்தாத. தடை போடுவாங்க. வாய மூடிக்கிட்டு வாங்கிக்க. முடிஞ்சதும் டீம்ல வேற ஏதாவது வேல போட்டுத் தர்றாங்களாம். எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு பாட்டில்."

"இருக்கட்டும். உன் தங்கச்சியும் உயிரோடதான் இருக்கா."

மெக்கானிக் ஏற்கெனவே நேராக இருந்த சக்கரத்தை மறுபடி சுழற்றினான்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். அண்ணனைப் பற்றி அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு கேட்டாள்: "உங்க மூச்ச வாங்கிக்கிட்டு இப்ப மூச்சு விடாதன்னு சொல்றாங்களா?"

"சொன்னா நானும் மாட்டுவேன். அவனுக்காக ஊதினதும் தப்புதான். அதுக்கும் தடை உண்டு."

"சொல்லாட்டி?"

"மாத்திரை தின்னதுக்குத் தடை."

"அப்ப எப்படியும் தடைதான்."

"செய்யாத தப்புக்கு வாங்கறதவிட செஞ்ச தப்புக்கே வாங்கிக்கறேன்" என்றான்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. நடுவில் விசாரணைக் குழுவின் தலைவி; அவர் நுரையீரல் மருத்துவர். டாக்டருக்குச் சாட்சி சொல்ல மாப்பிள்ளையும் வந்திருந்தான். அவனுக்கு யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். தன் முறை வந்ததும் பாட்டில் எழுந்தான். அறை, மெஷின், பொடி, சரிந்த கோடு, எல்லாவற்றையும் சொன்னான். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"எங்க ரெண்டு பேரையும் இங்கயே ஊதச் சொல்லுங்கம்மா" என்று முடித்தான்.

டாக்டர் சிரித்தார். "ஊதி என்ன ஆகப்போகுது மேடம்? சிகிச்சையில அவருக்குக் குணமாகியிருக்கலாம்."

"குணமாயிடுச்சா? அப்ப போன வாரம் அனுமதிய நீட்டிக்கச் சொல்லிக் கேட்டீங்களே, அது யாருக்கு?" என்றார் தலைவி.

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. தன் வாயால் கெட்டவர் பட்டியலில் அவரும் சேர்ந்தார். பக்கத்து அறையிலிருந்து மெஷினைக் கொண்டுவரச் சொன்னார் தலைவி. சோதனையின் ஆபத்தைச் சொல்லி, சம்மதமா என்று இருவரையும் கேட்டார். பாட்டில் சரி என்றான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மாப்பிள்ளையும் சரி என்று முனகினான்.

உதவிக்கு வந்த பெண் பொடியைத் தயார் செய்து, ஊதும் குழாயை முதலில் மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவன் அதைக் கையில் வைத்துப் பார்த்தான். டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தரையைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷப் பழக்கம், முகத்தைத் திருப்பாமலே குழாயைப் பின்னால் நீட்டினான்.

பின் வரிசையில் பாட்டில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான். அவை எழப் பார்த்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். நீட்டிய கை அப்படியே காத்திருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"அது உங்களுக்கு" என்றான் பாட்டில். "நீங்களே ஊதுங்க."