போருக்குப் போகாத தேங்காய்

இன்று காலை பிள்ளையார் வாசலில் யாரோ சிதறுதேங்காய் அடித்த சத்தத்தில் அப்பாவின் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் சுருவிலில் சித்திரை வருடப்பிறப்பன்று வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையில் போர்த்தேங்காய் நடக்கும். ஒருவர் தேங்காயை மற்றவர் தன் தேங்காயால் அடிப்பார்; எவருடையது உடைகிறதோ அவர் தோற்றார். அப்பா தோற்றதே இல்லை. அந்த வருடம் கடைசி ஆட்டத்துக்கு முன் அவருடைய தேங்காயில் வெடிப்புத் தெரிந்தது. வேறு எடுக்க, அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் ஓடி வந்தார். ஒன்றுதான் இருந்தது.

“தொடாதையுங்கோ. இவளின்ரை காய்ச்சல் மாறினதுக்குப் பிள்ளையாருக்கு நேர்ந்தது,” என்றார் அம்மா, என்னைக் காட்டி.

வெளியே பக்கத்து வீட்டு மாமா கத்தினார்: “என்ன அண்ணை, குசினிக்கை ஒளிச்சிட்டியளோ?”

அப்பா வெறுங்கையோடு போய், “நான் தோத்திட்டன்,” என்றார்.

பின்னேரம் என்னைக் கூட்டிப்போய் அந்தத் தேங்காயைக் கோயில் வாசலில் அடித்தார். ஒரே அடியில் சிதறிப் போனது. அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

“பிள்ளையாரே, இதைக் கொண்டுபோயிருந்தாலும் தோத்துத்தானே இருப்பன்!”